இளையோர் நாவலாசிரியர்: வாசகர் வளர்ந்து போய்விடும் தொழில்

துப்பறியும் கதை எழுதுபவரை இருபது வயதில் பிடித்துக்கொண்ட வாசகர் அறுபது வரை கூடவே வரலாம். இளையோர் நாவல் எழுதுபவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் புத்தகத்தைக் கையில் எடுத்தவர் பத்தொன்பதில் அடுத்த அலமாரிக்குப் போய்விடுவார். எழுதுபவருக்கு வருஷா வருஷம் வயது ஏறும். வாசகருக்கு மட்டும் எப்போதும் அதே பதினைந்து. நாவலின் நீளம், கதை சொல்லும் குரல், தொடர் நூல்கள் வெளியாகும் வேகம், பணம் வரும் வழி என்று இந்தத் தொழிலில் புதியவர்களுக்குப் புதிராகத் தெரிகிற பலவும் இந்த ஒரு கணக்கிலிருந்து கிளம்புபவைதான்.

எது இளையோர் நாவல்

நூலகங்களும் பதிப்பகங்களும் பொதுவாக 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கான புனைவை யங் அடல்ட், சுருக்கமாக ஒய்.ஏ. என்கின்றன. நம் பேச்சில் இளையோர் புனைவு. அதற்குக் கீழே 8 முதல் 12 வரை மிடில் கிரேடு எனப்படும் சிறார் நாவல்.

பதின்வயதுப் பாத்திரம் இருந்தாலே இளையோர் நாவல் என்று நினைத்துவிடுகிறார்கள். நாற்பது வயதுக்காரர் தன் பள்ளிக்காலத்தை அசைபோடும் கதையில் முழுக்கப் பிள்ளைகளே வந்தாலும் அது பெரியவர்களுக்கான நாவல்தான். கதை சொல்கிற மனசு எந்த வயதில் நிற்கிறது என்பதே அளவுகோல். ஒரே சம்பவத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தால் விளங்கும்.

முதல் விதம்: "அன்றே நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அந்த வயதுக்கே உரிய வீம்பு விடவில்லை. நட்பின் அருமை பிற்பாடுதான் புரிந்தது."

இரண்டாவது: "பதில் வரவில்லை. பார்த்துவிட்டாள், நீல டிக் விழுந்துவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்தேன். திருப்பிப் பார்த்தேன். மறுபடி கவிழ்த்து வைத்தேன். நாளைக்கு லீவு போட்டுவிடலாம். வயிற்றுவலி என்றால் அம்மா நம்புவாள், போன வாரம் நிஜமாகவே வலித்ததே."

முதலாவதில் எல்லாம் முடிந்து, பாடமும் கற்றாகிவிட்டது. இரண்டாவதில் நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்பவளுக்கே தெரியாது. "அந்த வயதுக்கே உரிய" என்ற சொற்றொடர் உங்கள் கைப்பிரதியில் எங்கே வந்தாலும் அங்கே ஒரு பெரியவர் உள்ளே நுழைந்துவிட்டார் என்று அர்த்தம். தன்மையில் எழுதுவதும் நிகழ்காலத்தில் எழுதுவதும் இந்த வகையில் அதிகம் புழங்குவது இதனால்தான். கட்டாயம் ஒன்றுமில்லை, படர்க்கையிலும் இதே நெருக்கம் வரும். இன்னொன்று, அந்த நீல டிக் சில வருஷத்தில் பழசாகிவிடும். செயலிகளின் பெயரும் அந்த வருஷத்துப் பேச்சுவழக்கும் அச்சேறுவதற்குள்ளேயே மங்கத் தொடங்கும். "பார்த்துவிட்டாள், பதில் போடவில்லை" என்றால் போதும், அது நின்று பிடிக்கும்.

முதன்மைப் பாத்திரத்துக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 வயது வைக்கிறார்கள். பிள்ளைகள் தங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்களைப் பற்றித்தான் படிக்க விரும்புவார்கள். பதிப்பாளர்கள் தயங்குவது 14 வயதுக்கு. சிறார் அலமாரிக்கு அது அதிகம், இளையோர் அலமாரிக்குக் குறைவு. கதை கெடாது என்றால் பதினைந்து ஆக்கிவிடுவது நல்லது.

நீளம், ஆங்கிலத்தில், இன்றைய உலகில் நடக்கும் கதைக்கு 55,000 முதல் 80,000 சொற்கள். புது உலகத்தையே கட்டி எழுப்பும் மிகைப்புனைவு 1,00,000 வரை போகலாம். முதல் நாவல் 1,50,000 சொல் என்று கைப்பிரதியோடு வரும் கடிதத்தில் கண்டாலே பதிப்பாசிரியர்கள் பலர் மேற்கொண்டு படிக்க மாட்டார்கள். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதைக்குச் சொல் எண்ணிக்கை கணிசமாகக் குறையும். எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வகையில் பிள்ளைகளுக்கு முன்னால் பெரியவர்கள் ஒரு வரிசை நிற்கிறார்கள். பதிப்பாசிரியர், நூலகர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோரைத் தாண்டித்தான் புத்தகம் படிப்பவர் கைக்குப் போகும். அமெரிக்க நூலகச் சங்கத்தில் இளையோர் சேவைக்கென்று தனிப் பிரிவு 1957-லேயே வந்துவிட்டது. அதுதான் 2000-இலிருந்து சிறந்த இளையோர் நூலுக்கான மைக்கேல் பிரின்ட்ஸ் விருதும், 2009-இலிருந்து எழுத்தாளரின் முதல் நூலுக்கான வில்லியம் மாரிஸ் விருதும் தருகிறது. முன்னவர் பள்ளி நூலகர். நூலகர் பெயரில் விருது இருக்கிறது என்பதே இங்கே யார் சொல் எடுபடும் என்பதைக் காட்டிவிடும். பெரியவர்கள் தங்களுக்காகவும் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் இளையோர் நூல் வாங்குபவர்களில் 55 சதவீதம் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் என்று 2012-இல், புத்தகச் சந்தையை ஆராயும் பௌக்கர் நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. அதைக் கேட்டுவிட்டு பெரியவர்களுக்காகவே இளையோர் நாவல் எழுத ஆரம்பித்தால் மேலே சொன்ன முதல் விதக் குரல்தான் வந்து உட்காரும்.

ஒரு தொழில்வாழ்க்கை

அமெரிக்காவின் டல்சா நகரத்து எஸ். ஈ. ஹின்டன் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய நாவல் 'தி அவுட்சைடர்ஸ்'. 1967-இல் அது வெளியானபோது அவருக்கு 18. பையன்களின் கும்பல் சண்டையைப் பற்றி ஒரு பெண் எழுதினாளா என்று விமர்சகர்கள் ஒதுக்கிவிடக் கூடாதென்று, பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போடலாம் என்றது பதிப்பகம். புத்தகம் ஓடியது, எழுத்து நின்றுவிட்டது. எல்லாரும் எதிர்பார்க்கும் இரண்டாவது நூல் என்ற பயம் வந்தால் கை ஓடாது. பின்னாளில் கணவரான அவருடைய நண்பர், ஒரு நாளுக்கு இரண்டு பக்கம் எழுதினால்தான் மாலையில் வெளியே போகலாம் என்று பிடிவாதமாக நின்றார். இரண்டு பக்கம், இரண்டு பக்கமாகச் சேர்ந்த நாவல் 1971-இல் வந்தது. அடுத்தவை 1975, 1979, 1988. இருபத்தொரு வருஷத்தில் மொத்தம் ஐந்து இளையோர் நாவல்கள்.

மெதுவான கணக்குதான். ஆனாலும் முதல் நூல் தலைமுறை தலைமுறையாக வகுப்பறைகளில் படிக்கப்பட்டது. ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் பதின்மூன்று வயதானவர்களுக்கு அது புதுப் புத்தகம். கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி நூலகரும் மாணவர்களும் இயக்குநர் கப்போலாவுக்கு, இதைப் படமாக எடுங்கள் என்று கடிதம் எழுதினார்கள். படம் 1983-இல் வந்தது. அதாவது புத்தகம் வந்து பதினாறு வருஷம் கழித்து. கடிதம் எழுதிய பிள்ளைகளில் பலர் புத்தகம் வெளியான ஆண்டில் பிறந்தே இருக்க மாட்டார்கள், அல்லது தவழ்ந்துகொண்டிருந்திருப்பார்கள். இந்தத் துறையில் பழைய நூல் செய்கிற வேலை இது. புதிய நூலின் பரபரப்பு சில மாதம். பழைய நூல்களின் பட்டியல்தான் சாப்பாடு போடும்.

கைப்பிரதியில் கவனிக்க வேண்டியது

பெரும்பாலான முதல் கைப்பிரதிகள் இரண்டு இடத்தில் சறுக்கும்.

ஒன்று, முடிவில் பெரியவர் வந்து காப்பாற்றுவது. கடைசிக் கால்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி என்று தாளில் எழுதி, பக்கத்தில் "முடிவெடுத்தது யார்" என்று குறியுங்கள். ஆசிரியர், அக்கா, போலீஸ் என்று இரண்டு மூன்று வரிகளில் வேறு பெயர் வந்தால் கதை கைமாறிவிட்டது. பெரியவரை நீக்க வேண்டியதில்லை. முடிவை மட்டும் பாத்திரத்திடம் திருப்பிக் கொடுங்கள். போலீஸுக்குப் போன் போடலாமா வேண்டாமா என்ற முடிவை அவளே எடுத்தால் போதும், வந்து கதவை உடைப்பவர் யாராக இருந்தாலும் சரி.

இரண்டாவது, பெற்றோரை எங்கே வைப்பது என்பது. பதினாறு வயதுப் பெண் இரவு ஒரு மணிக்கு வெளியே இருந்தால் வீட்டில் என்ன நடக்கிறது என்று வாசகர் கேட்பார். எழுத்தாளருக்கு வசதியான வழி, பெற்றோரைச் சாகடித்துவிடுவது. அலமாரி முழுக்க அனாதைகள் குவிந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். இரவு ஷிப்ட் வேலை, நோயில் கிடக்கும் பாட்டி, கவனிக்கிற ஆனால் தவறாகப் புரிந்துகொள்கிற அப்பா, இவையெல்லாம் கதைக்கும் தீனி போடும். செல்பேசியையும் மறக்கக் கூடாது. ஒரே ஒரு அழைப்பில் தீர்ந்துவிடும் சிக்கலை முந்நூறு பக்கம் இழுத்தால், பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

கைப்பிரதியை ஐந்தாறு பேர் படிக்கக் கொடுக்கும்போது இரண்டு பேராவது அந்த வயதினராக இருக்கட்டும். "பிடித்ததா" என்று கேட்டால் மரியாதைக்குப் பிடித்தது என்பார்கள். "எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்" என்று கேளுங்கள்.

புத்தகமாவது

ஆங்கிலப் பதிப்புலகில் பெரிய பதிப்பகங்களுக்குப் பெரும்பாலும் இலக்கிய முகவர், அதாவது எழுத்தாளர் சார்பில் பிரதியைப் பதிப்பகத்துக்கு விற்றுத் தருபவர், வழியாகத்தான் போக முடியும். முகவர்கள் இல்லாத மொழிகளில் நேரே பதிப்பாசிரியருக்கு அனுப்புவார்கள். எப்படியானாலும் கடிதம் ஒரு பக்கம், சுமார் 300 சொல். தலைப்பு, வகை, சொல் எண்ணிக்கை; பாத்திரம் யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது, தவறினால் எதை இழப்பாள்; அண்மையில் வந்த ஒத்த நூல்கள் இரண்டு; உங்களைப் பற்றி ஓரிரு வரி. கூடவே முதல் பத்துப் பக்கமும், முடிவையும் மறைக்காமல் சொல்லும் ஒரு பக்கக் கதைச்சுருக்கமும். அவரவர் கேட்கும் அளவு அவரவர் தளத்தில் இருக்கும், அதை மீற வேண்டாம்.

ஐம்பது பேருக்கு ஒரே நாளில் அனுப்புவது வீண். எட்டு, பத்துப் பேராக அனுப்பினால் எங்கே கோளாறு என்று தெரியும். யாருமே முழுப் பிரதி கேட்கவில்லை என்றால் கடிதத்திலோ முதல் பக்கங்களிலோ குறை. முழுதாகக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு மறுக்கிறார்கள் என்றால் நடுவிலோ முடிவிலோ குறை. முன்னதற்கு ஒரு வாரம் போதும். பின்னதற்குச் சில மாதம் வேண்டும். படிப்பதற்கே பணம் கேட்கும் முகவரிடம் போகாதீர்கள். முறையான முகவர் விற்றால்தான் சம்பாதிப்பார். வழக்கமாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைகளுக்கு 20.

ஒப்பந்தம் ஆனபின் நூல் வெளிவர ஒன்றரை முதல் இரண்டு வருஷம். முதலில் பதிப்பாசிரியரின் நீண்ட கடிதம் வரும், சில சமயம் எட்டு பத்துப் பக்கம். ஒரு பாத்திரத்தையே நீக்கச் சொல்லலாம், முடிவை மாற்றச் சொல்லலாம். படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருப்பது நல்லது. சொல்கிற தீர்வு தவறாக இருக்கலாம், சுட்டிக்காட்டும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்குப் பின் வரிவரியான திருத்தம், பிறகு எழுத்துப்பிழையும் முன்பின் முரணும் பார்க்கும் திருத்தம், பிறகு மெய்ப்பு. வெளியாவதற்கு நாலைந்து மாதம் முன்பே முன்பிரதிகள் நூலகர்களுக்கும் விமர்சகர்களுக்கும் போகும்.

தொடர் நூல் எழுதுபவர்களுக்கு வாசகர் வயதுக் கணக்கு மிகவும் உறைக்கும். பதின்மூன்று வயதில் முதல் பாகம் படித்தவருக்கு, வருஷத்துக்கு ஒன்றாக வந்தால் மூன்றாம் பாகம் பதினைந்தில் கிடைக்கும். பாகத்துக்கு மூன்று வருஷம் எடுத்தால் அவருக்கு 19. அதனால்தான் பதிப்பகம் பன்னிரண்டு மாதத்துக்கு ஒன்று என்று நெருக்கும். முதல் பாகத்தின் விளம்பரம், இரண்டாம் பாகத்தின் திருத்தம், மூன்றாம் பாகத்தின் முதல் வரைவு மூன்றும் ஒரே மாதத்தில் வந்து மோதும். எழுத்தாளர்கள் துவண்டுபோவது பெரும்பாலும் இங்கேதான். முதல் பாகம் விற்கப்படுவதற்கு முன்பே இரண்டாம் பாகத்தை எழுதி முடித்து வைப்பதும் நல்லதல்ல. முதலாவது விலைபோகவில்லை என்றால் இரண்டாவதை யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த பாகங்களுக்கு ஓரிரு பக்கக் குறிப்பும் தனியாக நிற்கும் வேறொரு கதையும் கையில் இருந்தால் போதும்.

பணம்

எந்த நாட்டு நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். முன்பணம் 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். அது மொத்தமாக வராது. கையெழுத்தானதும் 25,000, திருத்திய பிரதியை ஏற்றுக்கொண்டதும் 25,000, கெட்டி அட்டைப் பதிப்பு வெளியானதும் 25,000, ஒரு வருஷம் கழித்து மெலிந்த அட்டைப் பதிப்பு வெளியானதும் 25,000. ஒவ்வொரு தவணையிலும் முகவருக்கு 3,750 போக உங்களுக்கு 21,250, அதிலும் வரி உண்டு. முதல் தவணைக்கும் கடைசித் தவணைக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று வருஷம். லட்சம் என்று கேட்டதும் வேலையை விட்டவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் எழுத்தாளருக்குக் கிடைக்கும் பங்குதான் ராயல்டி. முன்பணம் என்பது பின்னால் வரப்போகும் ராயல்டியின் முன்கூட்டிய பகுதி. விலை 250, ராயல்டி 8 சதவீதம் என்றால் பிரதிக்கு 20. ஒரு லட்சத்தை ஈடுகட்ட 5,000 பிரதி விற்க வேண்டும். 5,001-ஆவது பிரதியிலிருந்துதான் புதுப் பணம். ஈடுகட்டாவிட்டாலும் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை, ஆனால் அடுத்த நூலுக்குப் பேசும்போது அந்த எண் மேசைமேல் இருக்கும். ஆங்கிலப் பதிப்பில் கெட்டி அட்டைக்கு 10 சதவீதத்தில் தொடங்கும், மெலிந்த அட்டைக்கு 6 முதல் 8, மின்னூலுக்குப் பதிப்பகத்தின் நிகர வரவில் 25 என்பது பரவலான வழக்கம். கணக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வரும். கடைக்குப் போன பிரதிகள் திரும்பி வரலாம் என்பதால் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார்கள். முதல் கணக்கைப் பார்த்துக் குதிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

இளையோர் நூல் எழுதுபவர் ஒப்பந்தத்தில் உற்றுப் பார்க்க வேண்டிய பிரிவுகள் மூன்று. பெரிய தள்ளுபடியில் விற்றால் ராயல்டியை அட்டை விலைக்குப் பதிலாக நிகர வரவின்மேல் கணக்கிடும் பிரிவு முதலாவது. பள்ளிப் புத்தகச் சந்தைகளில் இந்த விலைக்குத்தான் மொத்தமாக விற்பார்கள், பிரதிக்கு வர வேண்டிய 20 பாதியாகவோ இன்னும் குறைவாகவோ ஆகிவிடும். எத்தனை சதவீதத் தள்ளுபடிக்கு மேல் இது பொருந்தும் என்பதில்தான் பேரம் பேச வேண்டும். அடுத்தது கூட்டுக்கணக்கு. மூன்று பாகமும் ஒரே கணக்கு என்று எழுதியிருந்தால், முதல் பாகம் பிய்த்துக்கொண்டு விற்றாலும் மற்ற இரண்டின் முன்பணமும் ஈடாகும்வரை ஒரு காசும் வராது. "தனித்தனிக் கணக்கு" என்று மாற்றச் சொல்லுங்கள். மூன்றாவது, அடுத்த நூலை முதலில் எங்களுக்கே காட்ட வேண்டும் என்னும் பிரிவு. "அடுத்த நூல்" என்பதை "அடுத்த இளையோர் நாவல்" என்று சுருக்கினால், சிறார் கதையோ பெரியவர்களுக்கான நாவலோ வேறிடம் கொண்டுபோகலாம்.

இதில் மட்டுமே வாழ்பவர்கள் குறைவு. கற்பித்தல், பிறர் பிரதியைத் திருத்துதல், பிறர் சொன்ன கதையை எழுதிக் கொடுத்தல், பள்ளிக்குப் போய்ப் பேசுதல் என்று பக்கத்து வருமானங்கள் சேர்ந்துதான் வருஷம் ஓடும்.

பள்ளிக்குப் போகும்போது

45 நிமிடம், எதிரே நூற்றைம்பது பிள்ளைகள், அவர்களில் பாதிப் பேர் வகுப்பு தப்பியது என்ற சந்தோஷத்தில் வந்திருப்பார்கள். நாவலிலிருந்து இருபது நிமிடம் வாசித்தால் பின்வரிசை போய்விடும். ஐந்து நிமிடம் போதும், அதுவும் பேச்சுநடை உள்ள பகுதி, ஆவல் உச்சியில் இருக்கும்போது புத்தகத்தை மூடிவிட வேண்டும். சிவப்பு மையில் அடித்துத் திருத்திய பழைய வரைவுப் பக்கத்தைத் திரையில் காட்டினால் அறை நிமிர்ந்து உட்காரும். தாங்கள் வாங்கும் சிவப்பு மையை எழுத்தாளரும் வாங்கியிருக்கிறார் என்பதில் அவர்களுக்கு ஒரு திருப்தி.

கேள்வி நேரத்தில் முதல் கை உயராது. துண்டுத்தாளில் பெயரில்லாமல் கேள்வி எழுதி முன்பே சேகரிக்கச் சொன்னால் அந்தச் சங்கடம் இல்லை, நல்ல கேள்விகளும் வரும். புத்தக விற்பனைக்கான படிவம் இரண்டு வாரம் முன்பே வீடுகளுக்குப் போக வேண்டும். அன்றைக்குக் காலையில் அறிவித்தால் யாரிடமும் பணம் இருக்காது. கட்டணம், பயணச்செலவு, ஒலிவாங்கி, திரை இவற்றை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "எங்கள் பள்ளியில் ஒலிவாங்கி தேவைப்படாது" என்று சொன்னால் நிச்சயம் தேவைப்படும்.

பேசி முடித்தபின் ஒன்றிரண்டு பிள்ளைகள் ஓரமாக நிற்பார்கள், அல்லது இரவில் செய்தி வரும். கதையில் வந்தது தனக்கும் நடக்கிறது என்பார்கள். நீங்கள் ஆலோசகர் அல்ல. தனிப்பட்ட உரையாடலாக அதை நீட்டிக்க வேண்டாம். சொன்னதற்கு நன்றி, இது உன் தவறு இல்லை, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் இன்றைக்கே சொல் என்று சுருக்கமாகப் பதில் எழுதி, உதவி எண்ணையும் கொடுங்கள். உடனடி ஆபத்து தெரிந்தால் பள்ளிப் பொறுப்பாளரிடம் சொல்லியே ஆக வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்காதீர்கள்.

பத்து வருஷம் கழித்து

அட்டைதான் முதலில் கிழடு தட்டும். பதினாறு வயதுக்காரருக்கு அக்கா காலத்து அட்டை என்றாலே போதும், உள்ளே திறக்க மாட்டார். சில வருஷத்துக்கு ஒருமுறை புது அட்டை போடப் பதிப்பகத்தைக் கேளுங்கள். அடுத்த நூல் வெளியாகும் சமயம்தான் அவர்கள் ஒப்புக்கொள்ளும் சமயம், இரண்டையும் ஒரே பாணியில் அடுக்கலாம். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்ப வரும் பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கும். மின்னூல் ஒன்று எங்கோ கிடப்பதையே "அச்சில் இருக்கிறது" என்று கணக்கிட்டால் உரிமை ஒருநாளும் வராது, அதனால் "இரண்டு தொடர் கணக்குக் காலங்களில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால்" என்று எண்ணைப் போட்டு எழுதி வாங்க வேண்டும்.

உரிமை திரும்பி வந்த நூலைப் புது அட்டையோடு நீங்களே வெளியிடும் முன் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அந்த நீல டிக் இன்னும் உள்ளே இருக்கும்.